நுரையீரல் கொள்ளைநோயைத் தடுத்து நிறுத்திய பினாங்குப் பிள்ளை: டாக்டர் வூ லியன் தே

லாயாங் லாயாங்: 2020 மார்ச் 27ஆம் தேதியைக் குளுவாங் மாவட்ட மக்கள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். அன்றுதான் சிம்பாங் ரெங்கத்தில் கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜிட் ஆகிய இரு குடியிருப்புகளும் சுற்றி வளைக்கப்பட்டன. கோவிட்-19 காலத்தில் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாட்டிலேயே முதன்முதலாக அமலுக்கு வந்தது அங்கேதான். அதே மாவட்டத்தில் உள்ள லாயாங் லாயாங் பட்டணத்திலும் சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்களிலும் அந்த நாள்களில் பேச்சே வேறில்லை. யார் வெளியே வரலாம், யார் வரக்கூடாது, முகக்கவசம் எங்கே கிடைக்கும், ரயில் ஓடுமா என்பதுதான் எல்லார் வாயிலும்.

ஊரை வட்டாரமாகப் பிரித்து மூடுவது, நோயாளியோடு பழகியவர்களைத் தனியே வைத்துக் கண்காணிப்பது, மூக்கையும் வாயையும் துணியால் மறைப்பது, ரயிலை நிறுத்துவது ஆகிய எல்லாவற்றையும் சுமார் 110 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே நகரத்தில் ஒருசேரச் செய்து காட்டிய மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் பிறந்தது நம் நாட்டின் பினாங்கில். வாழ்க்கையின் கடைசி இருபது ஆண்டுகளுக்கும் மேல் நோயாளிகளைப் பார்த்து வந்தது ஈப்போவில். அவர்தான் டாக்டர் வூ லியன் தே.

நகைத் தொழிலாளியின் மகன்

1879 மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் வூ லியன் தே பிறந்தார். தந்தை சீனாவின் தைஷான் வட்டாரத்திலிருந்து பிழைப்பு தேடி வந்த பொற்கொல்லர். தாயாரும் பினாங்கிலேயே பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். பள்ளிக்கூடத்தில் அவருடைய பெயர் ஞோ லியன் தக். வூ லியன் தே என்ற பெயர் பிற்பாடு சீனாவுக்குப் போன பிறகு வழங்கியது.

பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தார். அந்தக் காலத்தில் நீரிணைக் குடியேற்ற மாணவர்களுக்கு இங்கிலாந்து போய்ப் படிக்க ஒரு வழி, போட்டித் தேர்வில் வென்று அரசியார் உபகாரச் சம்பளம் பெறுவது. 1896இல் அதை வென்று, 17 வயதில் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீன மாணவர் அவரே. லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி முடித்தார். பிறகு கிருமி ஆராய்ச்சியைக் கற்பதற்கென்றே லிவர்பூல், ஜெர்மனியின் ஹாலே, பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கழகம் என்று சுற்றினார். லிவர்பூலில் அவருக்கு வழிகாட்டியவர், கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை இந்தியாவில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ்.

நுண்ணோக்கியில் கிருமியைக் கண்டால்தான் நோய்க்குப் பெயர் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அந்த ஆண்டுகளில்தான் அவருக்குள் ஊறியது. பின்னாளில் ஒரு நகரத்தையே காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான்.

கோலாலம்பூரில் ஓராண்டு

1903இல் மலாயாவுக்குத் திரும்பினார். அரசாங்க மருத்துவச் சேவையில் உயர்ந்த பதவிகள் எல்லாம் வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. கேம்பிரிட்ஜ் பட்டம் வைத்திருந்தும் அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஓராண்டு ஆய்வு மாணவராக இருந்தார். பெரிபெரி நோயையும் குடற்புழுக்களையும் ஆராய்ந்தார்.

இந்தப் பெரிபெரிக் கதையில் நம் தோட்ட மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, இதயம் பழுதாகி ஆயிரக்கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். அதே மாநிலத்தில், அதே வெயிலில் வேலை செய்த தமிழர்களிடம் அந்த நோய் குறைவு. தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். சீனத் தொழிலாளர்கள் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டார்கள். இந்த வேறுபாட்டை மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் கவனித்து எழுதினார். நெல்லை அவித்து எடுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். வூ அங்கே இருந்த நாள்களில் இந்தப் புதிர் இன்னும் அவிழவில்லை. ஆனால், எந்த மக்களுக்கு நோய் வருகிறது, எந்த மக்களுக்கு வரவில்லை என்று பார்க்கும் பாடத்தை மலாயா அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அபினை எதிர்த்ததற்குக் கிடைத்த பரிசு

1904இன் இறுதியில் பினாங்கு சூலியா தெருவில் சொந்தமாக கிளினிக் திறந்தார். தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய தெரு அது. மறு ஆண்டு திருமணம் நடந்தது.

கிளினிக்குக்கு வந்தவர்களில் பலர் அபினுக்கு அடிமையானவர்கள். தோட்டத் தமிழனுக்குக் கள்ளுக்கடை எப்படியோ, சுரங்கச் சீனனுக்கு அபின் கடை அப்படி. கூலியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். ஆட்சியாளருக்கு அதில் வரி வருமானமும் கொழுத்தது. வூ அபின் எதிர்ப்புச் சங்கத்தின் முன்னணியில் நின்றார். 1906இல் ஈப்போவில் நடந்த அபின் எதிர்ப்பு மாநாட்டை ஒருங்கிணைத்தவர்களில் அவரும் ஒருவர்.

1907இல் அதிகாரிகள் அவருடைய மருந்துக்கூடத்தைச் சோதனையிட்டார்கள். நோயாளிகளுக்குக் கொடுப்பதற்காக எப்போதோ வாங்கி வைத்திருந்த அபின் டிங்சர் சிறிது கிடைத்தது. ஓர் அவுன்ஸ்தான். உரிமம் இல்லாமல் அபின் வைத்திருந்தார் என்று வழக்கு. அபினை ஒழிக்கப் போராடியவருக்கு அபின் வைத்திருந்ததற்காக 100 டாலர் அபராதம். மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை.

மனம் கசந்திருந்த அந்த நேரத்தில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியான்ஜினில் இருந்த ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநர் பதவி. 1908இல் குடும்பத்தோடு புறப்பட்டார். மூதாதையர் நாடு என்றாலும் அவருக்கு மாண்டரின் மொழி தெரியாது. அங்கே போன பிறகுதான் ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொண்டார்.

ரயிலில் ஏறி வந்த நோய்

1909இல் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை முழுமையடைந்தது. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று காட்டுக்குள் ஊர்கள் முளைத்ததும், தோட்டங்களுக்கு ஆள் வந்து இறங்கியதும் அந்தப் பாதையால்தான். மறு ஆண்டே, வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மஞ்சூரியாவில் இன்னொரு ரயில் பாதை வழியாகச் சாவு வந்து இறங்கியது.

மங்கோலியப் புல்வெளியில் தார்பகான் என்ற மார்மட் விலங்கு வாழ்கிறது. பெரிய அணில் போன்றது. அதன் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் திடீரென விலை ஏறியது. பழக்கமுள்ள மங்கோலிய வேட்டைக்காரர்கள் தள்ளாடி நடக்கும் மார்மட்டைத் தொட மாட்டார்கள். அது நோயுற்றது என்று அவர்களுக்குத் தெரியும். பணத்துக்காகப் புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது. 1910 அக்டோபரில் எல்லை ஊரான மன்சூலியில் ஆட்கள் இருமி, ரத்தம் துப்பி, ஓரிரு நாளில் சாகத் தொடங்கினார்கள். நவம்பரில் நோய் ஹார்பின் நகரத்துக்கு வந்துவிட்டது.

ஷாண்டோங் மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் நேரம். ரயில் பெட்டிகளில் நெருக்கியடித்துப் பயணம். இரவில் விடுதிகளில் ஒரே மேடையில் வரிசையாகப் படுக்கை. பழைய தோட்ட லயங்களின் நெருக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

பெய்ஜிங் அரசாங்கம் யாரையாவது அனுப்பியாக வேண்டும். வூவை முன்பே அறிந்திருந்த வெளியுறவு அமைச்சின் அதிகாரி ஷி சாவ்ஜி அவருக்குத் தந்தி அடித்தார். 1910 டிசம்பர் 24ஆம் தேதி, மாணவர் ஒருவரை உதவிக்கு அழைத்துக்கொண்டு வூ ஹார்பினில் இறங்கினார். அவருக்கு அப்போது வயது 31. கையில் ஒரு நுண்ணோக்கியும் சில சாயங்களும் சோதனைக் குழாய்களும் இருந்தன. வெளியே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 25 டிகிரிக்கும் அதிகம்.

மூன்றாம் நாள் கிடைத்த விடை

ஹார்பினில் சீனர்கள் வாழ்ந்த ஃபூஜியாதியான் பகுதியில் சுமார் 24,000 பேர் இருந்தார்கள். இறந்தவரின் உடலை அறுப்பது அந்தச் சமூகத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாத பாவம். சட்டமும் இடம் தரவில்லை. டிசம்பர் 27ஆம் தேதி, விடுதி நடத்தியவரின் மனைவியான ஒரு ஜப்பானியப் பெண் இறந்துவிட்ட செய்தி வந்தது. அவருடைய உடலை வூ ரகசியமாக அறுத்துப் பார்த்தார். நுரையீரல், இதயம், மண்ணீரல், கல்லீரல், ரத்தம் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்தார். சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டில் இரு முனைகளிலும் நிறம் அடர்ந்த நீள்வட்டக் கிருமிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. வளர்ப்புக் குழாயிலும் அதே கிருமி வளர்ந்தது. பிளேக்.

பிளேக் கிருமி புதிதல்ல. 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் அதைக் கண்டுபிடித்திருந்தார். அதே ஆண்டில் கித்தாசாத்தோவும் அதை அறிவித்தார். 1896 முதல் பம்பாயையும் பிறகு இந்தியாவின் பல பகுதிகளையும் அது வாட்டியது. எலி, எலியின் தெள்ளுப்பூச்சி, அந்தப் பூச்சியின் கடி, அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டுதல் என்பதுதான் எல்லாரும் அறிந்த பிளேக். கப்பலில் மலாயா வந்த நம் முன்னோர்களைப் பினாங்குக்குப் பக்கத்தில் புலாவ் ஜெரெஜாக் தீவில் இறக்கித் தடுத்து வைத்ததும் இத்தகைய தொற்றுகளுக்குப் பயந்துதான்.

ஆனால், ஹார்பினில் யாருக்கும் நெறிகட்டவில்லை. எல்லாருக்கும் இருமல், காய்ச்சல், ரத்தம் கலந்த சளி. கொடும் குளிரில் தெள்ளுப்பூச்சியின் நடமாட்டமும் இல்லை. ஜப்பானியர்கள் ஆயிரக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்தும் ஒன்றில்கூடக் கிருமி கிடைக்கவில்லை. வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்தடுத்துப் படுத்திருந்தவர்கள் விழுந்தார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த வூ, இந்தப் பிளேக் எலியைத் தேடிப் போகவில்லை, மனிதனின் மூச்சிலிருந்தே அடுத்த மனிதனின் நுரையீரலுக்குப் போகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

அதற்கேற்ற முகக்கவசத்தையும் அவரே வடிவமைத்தார். அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் மெல்லிய காஸ் துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, இரு முனைகளையும் நாடாக்களாகக் கிழித்துத் தலைக்குப் பின்னால் கட்டுவது. விலை மிகக் குறைவு. யாரும் தைத்துக்கொள்ளலாம்.

முகக்கவசம் அணிய மறுத்த மருத்துவர்

எல்லாரும் நம்பிவிடவில்லை. தியான்ஜினில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி ஹார்பினுக்கு வந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். முன்பே பிளேக்கைப் பார்த்தவர். எலியை ஒழித்தால் போதும் என்பது அவர் கருத்து. இளைஞரான ஒரு சீன மருத்துவரின் கீழ் வேலை செய்வதையும் அவரால் ஏற்க முடியவில்லை. வூ பதவி விலகுவதாக அரசாங்கத்துக்குத் தந்தி அடித்தார். அரசாங்கம் வூவின் பக்கம் நின்றது.

மெஸ்னி ரஷ்ய மருத்துவமனைக்குப் போய், முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைச் சோதித்தார். 1911 ஜனவரி 11ஆம் தேதி அவரும் அதே நோயில் இறந்தார்.

அந்தச் சாவு ஹார்பினை உலுக்கியது. அதன்பின் தெருவில் முகக்கவசம் இல்லாத ஆளைப் பார்ப்பதே அரிதானது. பகுதி நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்தாருக்கும் ஒரு நிறத்தில் கைப்பட்டை. வட்டாரம் விட்டு வட்டாரம் போக அனுமதி தேவை. வீடு வீடாகச் சோதனை. நோயாளியோடு இருந்தவர்களைத் தங்கவைக்க ரஷ்ய ரயில்வேயிடம் சரக்குப் பெட்டிகள் கடனாக வாங்கப்பட்டன. நோயைச் சுமந்து வந்த ரயிலே தடுப்புமுகாம் ஆனது. ஊர் திரும்பும் தொழிலாளர்களின் பயணம் நிறுத்தப்பட்டது.

புத்தாண்டில் எரிந்த சவப்பெட்டிகள்

எல்லாவற்றிலும் கடினமான முடிவு இனித்தான் வந்தது. மண் உறைந்து பாறையாகிவிட்டதால் குழி தோண்ட முடியவில்லை. இடுகாட்டில் 2,000க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளும் பிணங்களும் திறந்தவெளியில் கிடந்தன. குளிரில் கெடாமல் கிடந்த அந்த உடல்களில் கிருமியும் கெடாமல் இருக்கும் என்று வூ அஞ்சினார். எரிப்பது ஒன்றே வழி.

நமக்குத் தகனம் பழக்கம். சீனர்களுக்கோ அன்று முன்னோரை மண்ணில் அடக்கம் செய்வதுதான் பிள்ளையின் தலையாய கடமை. எரிப்பது முன்னோருக்குச் செய்யும் அவமானம். அதைச் செய்யச் சொல்வதற்கு ஒரு மருத்துவருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அதிகாரம் இல்லை. வூ மாமன்னரின் அனுமதியே கேட்டார். அனுமதி தந்தியில் வந்தது. 1911 ஜனவரி 31ஆம் தேதி, புத்தாண்டின் இரண்டாம் நாள், மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைக்கப்பட்டது.

அந்தப் புத்தாண்டில் வீட்டுக்குள்ளேயே பட்டாசு வெடிக்கும்படி மக்கள் ஊக்குவிக்கப்பட்டார்கள். கந்தகப் புகை வீட்டைச் சுத்தப்படுத்தும் என்ற எண்ணம் ஒருபுறம், துக்கத்தில் கிடந்த ஊருக்கு ஒரு தெம்பு மறுபுறம். அந்த நாளுக்குப் பிறகு சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மார்ச் முதல் நாளோடு ஃபூஜியாதியானில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. ஹார்பினில் தடுப்புப் பணியில் இருந்தவர்களில் சுமார் 300 பேர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவர்கள் சிலரே. பிணம் தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சமையல்காரர்கள், காவலர்கள்தான் அதிகம். பலவந்தமாக வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட பலர் திரும்பவே இல்லை. பயந்த குடும்பங்கள் பிணத்தை இரவில் தெருவில் போட்டுவிட்டு ஓடியதும் நடந்தது. நோயை மறைத்தால் ஊர் அழியும், சொன்னால் குடும்பம் பிரியும் என்ற இரண்டுக்கும் நடுவில் சாதாரண மக்கள் நசுங்கினார்கள்.

நுரையீரலில் நடப்பது என்ன?

1911 ஏப்ரல் 3ஆம் தேதி முக்டென் நகரில் அனைத்துலகப் பிளேக் மாநாடு கூடியது. 11 நாடுகளின் அறிவியலாளர்கள் வந்தார்கள். கித்தாசாத்தோவே உறுப்பினராக அமர்ந்திருந்த சபைக்கு, 32 வயது வூ தலைமை தாங்கினார்.

அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராங் அங்கே செய்த சோதனை எளிமையானது, ஆனால் முக்கியமானது. நோயாளியின் வாய்க்கு எதிரே வளர்ப்புத் தட்டுகளைத் திறந்து வைத்தார். அமைதியாக மூச்சுவிட்டபோது தட்டில் பெரும்பாலும் ஒன்றும் வளரவில்லை. இருமியபோது பிளேக் கிருமி வளர்ந்தது. இருமலில் தெறிக்கும் துளிதான் குற்றவாளி என்பதற்கு அது சாட்சி ஆயிற்று.

அடுத்த ஆண்டு ஹார்பினைத் தலைமையிடமாகக் கொண்டு வட மஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவை தொடங்கப்பட்டது. இயக்குநர் வூ. மருத்துவமனைகளோடு ஆய்வுக்கூடமும் அமைத்தார். மார்மட்டுகளைப் பிடித்து வந்து, கிருமி கலந்த துளிகளைச் சுவாசிக்க வைத்து, அவற்றுக்கும் நுரையீரல் பிளேக் வருவதை அவருடைய குழு காட்டியது. புல்வெளி விலங்குக்கும் மனித நோய்க்கும் இடையிலிருந்த சந்தேகம் விலகியது. 1920-21இல் நோய் மறுபடியும் வந்தபோது தடுப்பு ஏற்பாடு தயாராக இருந்தது. முதல்முறை 60,000 பேரைக் கொண்டுபோன நோய் இம்முறை சுமார் 9,000 பேரோடு அடங்கியது. தம் அனுபவம் முழுவதையும் 1926இல் சர்வதேச சங்கம் வெளியிட்ட பெரிய நூலாக எழுதினார்.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் காலத்தில் விடை இல்லை. பம்பாயில் ஹாஃப்கின் கண்டுபிடித்த பிளேக் தடுப்பூசி இருந்தது. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரமும் இருந்தது. ஆனால், நுரையீரல் பிளேக்குக்கு முன்னால் இரண்டும் தோற்றன. நோய் வந்தவர்களில் பிழைத்தவர் எவரும் இல்லை என்றே சொல்லலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது?

அண்மைக்கால ஆய்வுக்கூடங்கள் அதற்கு விடை தந்திருக்கின்றன. நுரையீரலின் காற்றறைகளில் காவல் காக்கும் வெள்ளணுக்கள் உண்டு. சாதாரணக் கிருமி உள்ளே வந்தால் அவை உடனே அபாயச் சங்கு ஊதும். மேலும் வெள்ளணுக்கள் ஓடி வரும், காய்ச்சல் வரும், சளி கட்டும். பிளேக் கிருமி முதல் ஒன்றரை நாள் அந்தச் சங்கை ஊதவிடுவதில்லை. மனித உடலின் சூட்டில் அது தன் மேலுறையின் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. காவலணுக்களுக்கு அடையாளம் தெரிவதில்லை. நெருங்கி வரும் வெள்ளணுவுக்குள் ஊசிபோன்ற உறுப்பால் நச்சுப் புரதங்களைச் செலுத்தி அதைச் செயலிழக்க வைக்கிறது. அந்த அமைதியில் கோடிக்கணக்கில் பெருகுகிறது. பிறகு உடல் விழித்துக்கொண்டு மொத்தப் படையையும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது, அந்த வீக்கமே நுரையீரலை நிரப்பி மூச்சை அடைத்துவிடுகிறது. நோயாளி இருமத் தொடங்கும் நேரத்தில் போர் பாதி முடிந்துவிட்டது.

அதனால்தான் இன்றும் நுரையீரல் பிளேக்குக்கு அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகே இந்நோயில் பிழைக்க வழி பிறந்தது. 2017இல் மடகாஸ்கரில் 2,400க்கும் மேற்பட்டோருக்குப் பிளேக் என்று பதிவானது. பெரும்பாலும் நுரையீரல் பிளேக். இறந்தவர்கள் 200க்குச் சற்று அதிகம். மருந்தும் நேரமும் செய்த வேறுபாடு அது.

ஈப்போ டாக்டர்

சீனாவில் வூ செய்தது பிளேக் தடுப்போடு நிற்கவில்லை. 1915இல் சீன மருத்துவச் சங்கம் உருவாக முன்னின்றார். பெய்ஜிங்கில் 1918இல் மத்திய மருத்துவமனையை நிறுவினார். 1930இல் தேசியத் தொற்றுத்தடுப்புச் சேவையின் முதல் இயக்குநரானார். 1935இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை என்றாலும், மலாயாவில் பிறந்த ஒருவருக்கு அப்படி ஒரு பரிந்துரை அதுவே முதல்.

சொந்த வாழ்க்கை அவருக்குக் கருணை காட்டவில்லை. முதல் மனைவி 1937இல் காலமானார். அவருக்குப் பிறந்த மூன்று மகன்களில் இருவரும் இளமையிலேயே இறந்துபோனார்கள். உலகறிந்த மருத்துவரின் வீட்டுக்குள்ளும் சாவு சொல்லாமல்தான் வந்தது. அதே 1937இல் ஜப்பானியப் படை ஷாங்ஹாயைத் தாக்கியபோது, 29 ஆண்டுகளுக்குப் பின் மலாயாவுக்குத் திரும்பினார்.

பெரிய பதவி எதையும் தேடவில்லை. ஈப்போவில் புரூஸ்டர் சாலையில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், சாதாரண கிளினிக் வைத்தார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மறைந்திருந்து போராடிய குழுவினர் 1943இல் அவரைக் கடத்திப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து விடுபட்டார். எதிரிக்கு உதவினார் என்று ஜப்பானியர் அவரைத் தண்டிக்கப் பார்த்தார்கள். முன்பு அவரிடம் சிகிச்சை பெற்றிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரால் தப்பினார்.

போருக்குப் பிறகு ஈப்போவில் பொது நூலகம் அமைக்க வீடு வீடாக, கடை கடையாக நன்கொடை திரட்டினார். இன்றைய துன் ரசாக் நூலகத்தின் தொடக்கம் அதுதான். எண்பது வயது நெருங்கும்வரை நோயாளிகளைப் பார்த்தார். 1959இல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பினாங்கில் கட்டிய புதிய வீட்டுக்கு ஓய்வுக்காகப் போனவர், 1960 ஜனவரி 21ஆம் தேதி பக்கவாதத்தால் காலமானார். ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு மிஞ்சிய பாடம்

லாயாங் லாயாங் தோட்டங்களில் இன்று பிளேக் இல்லை. ஆனால், இருமல் வழியே நுரையீரலுக்குப் பரவும் இன்னொரு கிருமி நாட்டை விட்டுப் போகவில்லை. அது காசநோய். தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல், வூ மறைந்த மறு ஆண்டில் தொடங்கியது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானோருக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது.

காசநோய்க் கிருமியின் தந்திரம் பிளேக்கின் தந்திரத்துக்கு நேர்மாறு. அது அவசரப்படாது. தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே குடியிருக்கும். உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும். கிருமி உள்ளே ஆண்டுக்கணக்கில் உறங்கும். நீரிழிவு, சத்துக் குறைவு, முதுமை, புகை என ஏதாவது ஒன்றால் எதிர்ப்புச் சக்தி தளரும்போது சுவர் இடியும், கிருமி விழிக்கும். பிறந்த குழந்தைக்குப் போடும் பிசிஜி ஊசி, கொடிய வகைக் காசநோயிலிருந்து பிள்ளைகளைக் காக்கிறது. பெரியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு போதாது.

பிளேக்குக்கு 24 மணி நேரம்தான் அவகாசம். காசநோய்க்கு நேரம் இருக்கிறது. குணமாக்கும் மருந்தும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு இருந்தால் அரசாங்க கிளினிக்கில் சளியைச் சோதிக்க வேண்டும். நோய் உறுதியானால் குறைந்தது ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். கொஞ்சம் தேறியதும் நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும்.

இதில் தடையாக நிற்பது பெரும்பாலும் மருந்துத் தட்டுப்பாடு இல்லை. வெட்கமும் பயமும்தான். வேலை போய்விடுமோ, பெண் பார்க்க வருபவர்கள் என்ன நினைப்பார்களோ, அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்று இருமலை மறைப்பவர்கள் பட்டணத்திலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு. ஹார்பினில் இரவோடு இரவாகப் பிணத்தைத் தெருவில் விட்டவர்களும் கொடியவர்கள் இல்லை. பயந்தவர்கள். அவர்களுக்கு அன்று பிழைக்க வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. இருமும் மனிதரை ஒதுக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு துணை, ஆறு மாதம் மருந்தை நினைவூட்டும் ஒரு குரல் ஆகிய இரண்டும் வீட்டிலேயே கிடைத்தால், சூலியா தெரு டாக்டர் விட்டுச்சென்ற வேலையில் லாயாங் லாயாங் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு.